ஒரே உத்தரம், இரண்டு வீடு

கருவடிக்குப்பத்தில் என் வீட்டைத் தெரியாதவர் இல்லை. ஆட்டோக்காரரிடம் தெருப்பெயர்கூடச் சொல்ல வேண்டாம், தூக்கின வீடு என்றால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். சிமெண்டு வீட்டை ஜாக்கி போட்டுத் தூக்குவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. மரத்தின் மேல் நிற்கிற பழைய ஓட்டு வீட்டை, அதுவும் ஒட்டிப் பிறந்த இரண்டு வீட்டைச் சேர்த்துத் தூக்கியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டுக்காரர் தான்தான் தூக்கியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் பங்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இடிக்கிற வீடுகளின் கதவு, சன்னல், தூண், உத்தரம் எல்லாம் வாங்கி விற்பது என் தொழில். தள்ளுவண்டியில் ஆரம்பித்தேன். இன்று முத்தியால்பேட்டையில் சொந்தக் கட்டடத்தில் கடை இருக்கிறது. கடற்கரைப் பக்கம் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு நல்ல தேக்குத் தூண் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள். மரத்தின் ஓரத்தைக் கொஞ்சம் சீவி முகர்ந்து பார்த்தால் பர்மாத் தேக்கா, நம் பக்கத்து மரமா, எத்தனை மழையில் நனைந்தது என்றெல்லாம் சொல்லிவிடுவேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூக்கு என்னுடையது, உழைப்பும் என்னுடையது.

இந்த வீட்டை நான் வாங்கப் போனபோது விற்கிறவர்களே சிரித்தார்கள். இடித்து மரத்தை விற்கத்தான் பாய் வாங்குகிறார் என்று தெருவே பேசியது. உண்மையில் நானும் அந்த எண்ணத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். நடு முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். அதோடு அந்த எண்ணம் போயிற்று. நான் பிரித்த வீடுகளில் இப்படி ஒரு மரச்சட்டத்தைப் பார்த்ததில்லை.

இந்த வீட்டில் சுவருக்கு வேலையே கிடையாது. கருங்கல் அடிக்கல் மேல் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. தூணின் தலையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும், உத்தரத்தின் அடியில் அதற்குச் சரியாக ஒரு குழி இருக்கும். உத்தரத்தை எடுத்து வைத்தால் உட்கார்ந்துகொள்ளும், குறுக்கே ஒரு மர ஆணி அடித்தால் முடிந்தது. எங்கும் இரும்பு கிடையாது. உத்தரத்தின் மேல் கைமரங்கள், அவற்றின் மேல் ஓடு. தூணுக்கும் தூணுக்கும் நடுவே செங்கல்லும் மண்ணும் வைத்து அடைத்து, காரை பூசி, சுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. வீடு வாங்கிய புதிதில் ஒரு மழையில் பின்பக்கச் சுவர் ஊறிச் சரிந்துவிட்டது. தெருவே கூடி, "வெளிய வாங்க, கூரை உழுந்துரும்"னு கத்தியது. கூரை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அன்றைக்கு என் மனைவி அந்தக் கூரைக்குக் கீழேதான் மீன் குழம்பு வைத்தாள், கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டும் போனார்கள்.

கட்டியவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், எண்ணெய் வியாபாரிகள். இந்த இடம் அப்போது தனிக் கிராமம், சுற்றி முந்திரித் தோப்பு இருந்ததாம். தோப்பு போனதில் எனக்கு வருத்தமில்லை. தோப்பு இருந்தால் தெருவிளக்கு ஏது, தண்ணீர்க் குழாய் ஏது? அண்ணன் தம்பி போன பிறகு வாரிசுகள் சண்டை போட்டுக்கொண்டு நடுவே ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரைக் கூரை வரை கட்ட வேண்டுமானால் ஓட்டைப் பிரிக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல் உத்தரம் வரைக்கும் கட்டி, உத்தரத்தைச் சுற்றிக் காரையை அப்பிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே முகடு வரை திறந்தே கிடந்தது. ஒரு பாதியை நான் வாங்கினேன். மறு பாதி சொல்தா வீடு.

சொல்தா என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், பாரீசிலிருந்து பென்ஷன் வருகிறது. நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அவரைக் கூப்பிடுவது முசியே என்று, அவர் மனைவியை எல்லோரும் மதாம் என்போம். மதாமும் என் மனைவியும் சுவருக்கு மேலே இருக்கிற அந்தத் திறப்பின் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அவள் அந்தப் பக்கம் கீரை ஆய்வாள், இவள் இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்குவாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மருமகள் என்ன சொன்னாள், எல்லாம் சுவரைத் தாண்டிப் போய்வரும்.

எனக்கும் சொல்தாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜூலை மாதம் பிரெஞ்சுக்காரர்களின் பெருநாளில் பழைய சொல்தாக்கள் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு வருஷம் அவர் அப்படி வாசலில் இறங்கியபோது நான் சும்மா வேடிக்கைக்காக, "என்னா முசியே, இவ்ளோ பித்தளையத் தூக்கிக்கினு நடக்குறீங்களே, தோள் வலிக்கலையா? எடைக்குப் போடலாமே"ன்னேன். தெருவில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து என்னைக் கண்டால் அவர் நேரே பார்த்தபடி நடந்து போவார், அணிவகுப்பில் போகிற மாதிரி.

இதற்கிடையில் தெரு வளர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ரோடு போடுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள். நான் வாங்கியபோது தெருவிலிருந்து படி ஏறி வீட்டுக்குள் வந்தோம். பிறகு தெருவும் வீடும் சமமாயின. பிறகு தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே வந்தோம். வீடு நின்ற இடத்தில்தான் நின்றது, தெருதான் மேலே போனது. ஐப்பசி பிறந்தால் சாக்கடையும் மழையும் கைகோத்துக்கொண்டு உள்ளே வரும். அரிசிப் பானை கட்டில் மேல், கட்டில் செங்கல் மேல்.

என் மனைவி தள்ளுவண்டிக் காலத்தில் என்னைக் கட்டிக்கொண்டவள். எதற்கும் முகம் சுளித்தவள் இல்லை. போன மழையில் அவள் தொழுகைப் பாயையும் சாக்கடைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த மழைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் சாரத்துல இருக்குற மக வூட்டுக்குப் போயிடுவேன். அது ரெண்டாவது மாடி. தண்ணி அங்க ஏறாது."

"மழைக்கு மட்டும்தானே?"

"இல்ல. போனா போனதுதான்."

"அப்ப நான்?"

"நீங்க இங்கயே இருந்து உங்க தூணைக் கட்டிப் புடிச்சிக்குங்க."

அவள் வீம்புக்குப் பேசுகிறவள் அல்ல. சொன்னால் செய்துவிடுவாள். மகளும் மருமகனும் வீட்டை இடித்து மாடி கட்டச் சொன்னார்கள். ஊரெல்லாம் வீடு பிரித்தவன்தான் நான், ஆனால் இந்த வீட்டில் கடப்பாரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் யோசனை வந்தது. சுவர் எதையும் தாங்கவில்லை அல்லவா? அப்படியானால் சுவரை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, தூணையும் கூரையையும் மட்டும் மேலே தூக்கினால் என்ன? தூணுக்கு அடியில் புதுக் கல் வைத்து, உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்தி, கதவு நிலைகளை மேலே ஏற்றி வைத்துவிட்டால் வீடு மறுபடி தெருவுக்கு மேலே வந்துவிடும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடித்தேன்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஜாக்கி மேஸ்திரி ஒருவர் வடக்கத்திப் பையன்களோடு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் வூட்டைத் தூக்கியிருக்கேன், இது பந்தல் மாதிரி இருக்கே பாய்"னார்.

"பந்தலைத் தூக்குறது இன்னும் சுலபம்தானே"ன்னேன்.

சொல்தா வீட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரிப்பதுதான் முக்கியம். முகட்டு மரத்தில் குறுக்குச் சுவருக்கு நேர் மேலே ஒரு பொருத்து இருந்தது. நானே ஏணியில் ஏறி ஆணியைத் தட்டி அதைக் கழற்றினேன். அந்த வரிசையில் ஓட்டையும் பிரித்தோம். முகடு அங்கே பொருத்தியிருக்கிறது என்றால் கீழே இருக்கிற பெரிய உத்தரமும் அங்கேதான் பொருத்தியிருக்கும், காரைக்குள்ளே மறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எந்தத் தச்சனும் அப்படித்தான் நினைப்பான்.

தூணுக்குத் தூண் இரும்புப் பட்டை கட்டி, அதற்கடியில் ஜாக்கிகளை வைத்தார்கள். மேஸ்திரி குரல் கொடுத்தார். பையன்கள் கால் சுற்று திருப்பினார்கள். இன்னும் கால் சுற்று. மரம் முனகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது சுவருக்கு மேலிருந்து மதாமின் அலறல் வந்தது.

"பாயம்மா! பாயம்மா! நிறுத்தச் சொல்லு! எங்க வூட்டு ஓடு உழுது!"

அடுத்த நிமிஷம் வாசலில் சொல்தா நின்றார். பனியன், அரை டிராயர், கையில் உடைந்த ஓடு. நீண்ட நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"யோவ் பாய்! என் வூட்டையும் எடைக்குப் போடலாம்னு பாத்தியா?"

ஜாக்கியை இறக்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக் காரையைக் கொத்திப் பார்த்தேன். பொருத்து எதுவும் இல்லை. மரத்தின் ரேகை என் பக்கத்தில் சுவருக்குள் நுழைந்து, அறுபடாமல் அவர் பக்கத்தில் வெளியே வந்தது. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் சேர்த்து ஒரே மரம். அவ்வளவு நீளத்தில் ஒரே தேக்கு! அந்தக் கலவரத்திலும் நான் அதைக் கையால் தடவிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அறுத்துடலாம் பாய், மெஷின் வெச்சா அஞ்சு நிமிஷம்"னார் மேஸ்திரி.

"அறுத்தா அவர் பக்கத்துக் கூரை எது மேல நிக்கும்? இந்த மண் சுவர் மேலயா, உன் தலை மேலயா?"

கீழே நின்ற சொல்தா கையை நீட்டினார். "ரம்பம் பட்டுது, நேரா போலீசுதான்."

"அப்ப ரெண்டு வூட்டையும் ஒண்ணாத் தூக்கிடலாம் முசியே. வேலை எல்லாம் என்னோடது."

"நோன். முடியாது."

"உங்க வூட்டுலயும் தண்ணி வருதே?"

"வரட்டும். ஜிபூட்டிப் பாலைவனத்துல ஒரு வாய் தண்ணிக்கு நாக்கு வறண்டு கெடந்தவன் நான். தண்ணி வந்தா எனக்கு சந்தோஷம்தான்." சொல்லிவிட்டுத் திரும்பி, முதுகை நிமிர்த்தி நடந்து போய்விட்டார்.

வேலை நின்றது. பையன்கள் முற்றத்தில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மனைவி டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். எவ்வளவோ பேரைப் பேசியே மடக்கியவன் நான். ஒரு கதவுக்காக ஒரு வீட்டு வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்து வாங்கி வந்தவன். அன்றைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சுவருக்கு மேலே மதாமின் குரல் கேட்டது.

"என்னா பாயம்மா, சத்தத்தையே காணோம்?"

"பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன் மதாம்."

"எங்க, ஊருக்கா?"

"மக வூட்டுக்கு. இனிமே அங்கதான்."

"திரும்பி எப்ப?"

"வரல மதாம். வயசாவுது. சாக்கடைத் தண்ணியில நின்னு சோறு பொங்க முடியல."

அந்தப் பக்கம் கீரைத் தட்டைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் யார்கிட்ட பேசுறது?"

"உங்க வூட்டுக்காரர்கிட்ட பேசுங்க."

"அவரா? அவரு பேசுனா ஆர்டர் போடுற மாதிரி இருக்கும். அது பேச்சா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்ணை மூடியபடியே பார்த்தேன்.

சாயந்தரம் அந்தப் பக்கத்துச் சண்டை எங்கள் வீட்டுக்குள் அப்படியே வந்து விழுந்தது. "அவ போனா நானும் போறேன். பாரீஸ்ல பொண்ணு கூப்பிட்டுக்கினே இருக்கா. டிக்கெட் போடு."

"அங்க குளிரும்டி."

"உனக்குத்தான குளிரும்? நீ இங்கயே இரு. தண்ணி வந்தா சந்தோஷம்னியே, நீந்திக்கினே சமையல் பண்ணு."

மறுநாள் காலையில் சொல்தா என் வாசலுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், பளபளவென்று ஷூ. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு வூட்டுலயும் ஜாக்கி போடு. ஆனா ஒண்ணு. நடுவுல சுவர் இருக்குது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திரும்பலைன்னா உத்தரம் முறுக்கிக்கும். சரியா?"

சரியான பேச்சு. என் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன்.

"அதுக்கு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே குரல்தான் கேக்கணும். அது என் குரல்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"நீ வாயை மூடிக்கினு நிக்கணும். முடியுமா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்துவிட்டாள். பெட்டி கட்ட ஆரம்பித்த பிறகு அவள் சிரித்ததை நான் கேட்பது அது இரண்டாவது தடவை. அதற்காகவே, "முடியும் முசியே"ன்னேன்.

கழற்றிய முகட்டை மறுபடி பொருத்தினேன், இரண்டு வீட்டிலும் ஜாக்கி உட்கார்ந்தது. சொல்தா ஏணி வழியாக ஏறி, குறுக்குச் சுவரின் மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில், குதிரையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். ஒரு கால் என் வீட்டில் தொங்கியது, ஒரு கால் அவர் வீட்டில். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தான்சியோன்!" என்று பட்டாளத்தில் அட்டென்ஷன் சொல்கிற மாதிரி போட்டாரே ஒரு சத்தம், முற்றத்தில் நின்ற பூனை காணாமல் போனது.

"அன்... தே... துவா!"

பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று. துவா என்றதும் திருப்ப வேண்டும். பீகார்ப் பையன்கள் இரண்டு மூன்று தடவையில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. அந்தக் குரல் மட்டும் நன்றாகப் புரிந்தது. அன், தே, துவா. மரம் முனகும், தூசி கொட்டும், நின்று பார்ப்பார்கள். மறுபடி அன், தே, துவா. உத்தரம் காரையை உதிர்த்துக்கொண்டு சுவரை விட்டு எழும்பியது. முதலில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது, பிறகு விரல் நுழைகிற அளவு, பிறகு கை நுழைகிற அளவு.

ஒரு தூண் கொஞ்சம் பின்தங்குவதை நான் பார்த்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனைவி என் கையை அழுத்தினாள். நான் அந்தத் தூணை விரலால் மட்டும் காட்டினேன். சொல்தா பார்த்தார், அந்த ஜாக்கிக்கு மட்டும் தனியாக ஒரு துவா கொடுத்தார். எவ்வளவோ கனமான மரங்களைத் தோளில் சுமந்தவன் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அந்தக் கனம் எதற்கும் வராது.

கூரை வேண்டிய உயரத்துக்கு வந்து, கடைசித் தூணுக்கு அடியிலும் கல் வைத்தார்கள். சொல்தா இறங்கி வந்தார். இஸ்திரிச் சட்டை முழுக்கக் காரைத் தூசி. தொண்டை கட்டிவிட்டது.

"ஓடு ஒண்ணுகூட உழுவல, பாத்தியா?"ன்னார் கரகரவென்று.

"மரம் அப்படி, முசியே."

"குரல் அப்படின்னு சொல்லு."

சொல்தாவும் மதாமும் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். என் மனைவியும் மதாமும் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்ததாலோ என்னவோ, அன்று அவர்களுக்குப் பேச்சே வரவில்லை.

உள்ளே மண் கொட்டிக் கெட்டிப்படுத்தித் தரை போட்டோம். கதவுகளை ஏற்றி வைத்தோம். சுவர்களுக்கும் கூரைக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடைவெளி விட்டிருந்தது. வெளிப்பக்கம் செங்கல்லும் காற்றுச் சன்னலும் வைத்து அடைத்தார் கொத்தனார். குறுக்குச் சுவருக்கு வந்தபோது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் குரல் வந்தது, மூடக் கூடாது என்று.

"நல்லாருக்கே. நான் குறட்டை வுட்டா பாய் வூட்டுக்குக் கேக்குமே"ன்னார் சொல்தா.

"இப்ப மட்டும் கேக்கலையா? பாயம்மா நேத்து எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னே சொன்னாங்க"ன்னாள் மதாம்.

கடையிலிருந்து நல்ல தேக்குச் சட்டங்களாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் இடைவெளி விட்டு நிறுத்தி அழி போட்டேன். பூனை வரக் கூடாது, பேச்சு வரலாம்.

மழை எனக்காகக் காத்திருந்த மாதிரி வந்தது. தரை காய்ந்த கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலையில் பிடித்து மத்தியானம் வரை விடாமல் கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குடையோடு வாசலில் நின்றேன். சாக்கடைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து எங்கள் படியில் மோதியது. கீழ்ப்படி நனைந்தது. அடுத்த படி நனையவில்லை. பக்கத்து வாசலில் சொல்தாவும் குடையோடு நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் நடந்து போன ஒருவர் நின்று, "யாருங்க இந்த வூட்டைத் தூக்குனது?"ன்னார்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "நான்தான்"னோம்.

உள்ளே போனேன். மகள் போனில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். மழை நேரத்தில் வந்துவிடச் சொல்லி ஆட்டோ அனுப்புவதாகச் சொன்னாள் போலிருக்கிறது.

"வேணாம்மா. மழை வுடட்டும், ஞாயித்துக்கெழமை வர்றேன். உங்க அத்தாவும் வருவார். சாயந்தரம் திரும்பிடுவோம், ராத்திரி தங்கல."

போனை வைத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கினாள். நான் எதிரில் நின்றேன், ஏதாவது சொல்லுவாள் என்று. என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, தூக்கிட்டீங்க. போதுமா?"

"போதும்"ன்னேன்.

பிறகு புதுத் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று. இல்லை. பாயை எடுத்துத் தரையில் விரித்தாள். ஓட்டின் மேல் மழை அடித்துக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தில் கட்டில் இல்லாமல், தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெருவில் யாராவது நின்று கேட்கிறார்களா என்று பார்க்க மறுபடி வாசலுக்குப் போனேன்.